பிக்கப் வண்டிக்கு எந்த டயர்: எச்/டி, இருவகை ஏ/டி, எம்/டி ஓர் ஒப்பீடு

தாண்டிக்குடிக்குக் கீழே இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்துக்குத் தார்ச் சாலையிலிருந்து பிரிந்து நான்கு கிலோமீட்டர் போக வேண்டும். முதல் இரண்டு கிலோமீட்டர் செம்மண். அடுத்த இரண்டும், பாறையை வெடிவைத்து உடைத்து அப்படியே பரப்பிவிட்ட கல். கார்த்திகை மழையில், பழம் பறிப்பு தொடங்கிய வாரத்தில், அந்தக் கல்லில் என் வண்டியின் பின் டயர் ஒன்று கிழிந்தது. இறங்கிப் பார்த்தேன். பட்டன், அதாவது தரையைத் தொடும் பள்ளம் வெட்டிய ரப்பர், நன்றாகவே இருந்தது, 7 மில்லிமீட்டர் மிச்சம். வெட்டு விழுந்திருந்தது பக்கவாட்டில், ரிம்முக்கும் பட்டனுக்கும் நடுவே, ஆள்காட்டி விரல் நுழையும் அளவுக்கு. உள்ளே வெள்ளை நூலிழைகள் பிரிந்து தெரிந்தன. பஞ்சர் கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சைடு போனா போனதுதான்” என்று சொல்லிவிட்டார்.

நான் அந்த டயரை வாங்கியபோது பட்டன் ஆழத்தையும் விலையையும் மட்டுமே பார்த்திருந்தேன். சைடைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றிலிருந்து, டயர் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அவர்களிடம் முதலில் சைடைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இசுஸு வி-கிராஸ் 2016-இல் வந்தது, டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் வந்தது. அதன்பின் நம் பக்கத்தில் தோட்டக்காரர்கள், குவாரிக்காரர்கள், ஊர் சுற்றுகிறவர்கள் என்று பலர் இரட்டை கேபின் பிக்கப் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “ஏ/டி போட்டுவிடலாமா? எந்தக் கம்பெனி?” கம்பெனி கடைசியில் வரும் கேள்வி. எச்/டி (ஹைவே டெரெய்ன்) தார்ச் சாலைக்கு, ஏ/டி (ஆல்-டெரெய்ன்) தாருக்கும் மண்ணுக்கும், எம்/டி (மட் டெரெய்ன்) சேற்றுக்கு. ஏ/டி என்ற ஒரே பெயருக்குள் அடியோடு வேறான இரண்டு டயர்கள் விற்கப்படுகின்றன: கார் டயரின் உடல் கொண்ட சாலை வகை, இலகு சரக்கு வண்டிக்கான எல்.டி. (லைட் டிரக்) வகை. அந்த வேறுபாடு தெரியாமல் வாங்கினால், தேவையில்லாத எடையைச் சுமந்துகொண்டு தினமும் அலுவலகம் போவீர்கள். அல்லது என்னைப் போல மழையில் ஜாக்கியோடு நிற்பீர்கள்.

## முதலில் எதை வைத்து அளப்பது

நூறு கிலோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் மண்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வாங்கும்போது எல்லோருக்கும் மலைப்பாதைதான் நினைவில் இருக்கும். ஒரு மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது, தோட்டம் வைத்திருக்கிற எனக்கே தார்ச் சாலை 85 சதவீதம் வந்தது.

அது என்ன மண்? ‘ஆஃப்ரோடு’ என்று பொதுவாகச் சொல்வதில் பயன் இல்லை. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மழையில் பசையாக ஒட்டும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி, சக்கரத்தை விழுங்கும் மணல். பழனி மலை, கொல்லி மலை, வால்பாறைப் பக்கம் கல்லும் செம்மண்ணும் ஈர இலைச் சருகும். ராமநாதபுரம், சிவகங்கை என்றால் சீமைக் கருவேல முள். இந்த நான்குக்கும் டயரிடம் கேட்கும் வேலை வேறு வேறு.

பின்னால் எவ்வளவு லோடு, எத்தனை நாள்? பிக்கப்பின் பின்பக்கம் காலியாக இருக்கும்போது மிக இலேசு. மழையில் கொண்டை ஊசி வளைவில், பின் சக்கர இயக்கத்தில், காலி வண்டியின் வால் வழுக்கும். ஆகவே ஈரத்தில் பிடிப்பு காரைவிட பிக்கப்புக்கே அதிகம் வேண்டும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

சைடு எத்தனை அடுக்கு? இரும்புக் கம்பி வலை பட்டனுக்கு அடியில் மட்டும்தான் இருக்கிறது. பக்கவாட்டில் இருப்பது பாலியெஸ்டர் துணியும் ரப்பரும்தான். ஓர் அடுக்கா, இரண்டா, மூன்றா என்பது பெரும்பாலான டயர்களில் சைடிலேயே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும்: பட்டனுக்கு இத்தனை இரும்பு, இத்தனை பாலியெஸ்டர்; சைடுக்கு இத்தனை பாலியெஸ்டர். கடையில் குனிந்து அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

அதே டயர் நாளை கிடைக்குமா? 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு வெளிநாட்டு டயர்களில் சில அளவுகள் வரும், போகும், மாதக்கணக்கில் காணாமல் போகும். நான்கு சக்கர இயக்க வண்டிக்கு இது ஏன் பெரிய விஷயம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | எச்/டி | சாலை வகை ஏ/டி | எல்.டி. ஏ/டி | எம்/டி |
|---|---|---|---|---|
| புதிதில் பட்டன் ஆழம், ஏறத்தாழ | 8–9 மி.மீ. | 9–11 மி.மீ. | 11–13 மி.மீ. | 13–16 மி.மீ. |
| ஈரத் தாரில் பிரேக் | மிக நன்று | நன்று | சுமார் | மோசம் |
| சைடு வலிமை | குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |
| ஈரச் செம்மண், சருகு | தடுமாறும் | போதும் | நன்று | மிக நன்று |
| கரிசல் சேறு | சிக்கும் | சிக்கும் | பெரும்பாலும் சிக்கும் | ஓரளவு போகும் |
| தேரி மணல், காற்று இறக்கிய பின் | நன்று | நன்று | நன்று | தோண்டும் |
| சத்தம் | இல்லை | இலேசு | கேட்கும் | பேச்சை மறைக்கும் |
| டீசல் செலவு | அடிப்படை | சிறிது கூடும் | தெளிவாகக் கூடும் | மிகக் கூடும் |
| காலி வண்டியில் சொகுசு | நன்று | நன்று | குதிக்கும் | குதிக்கும் |

எம்/டி-க்கும் ஏ/டி-க்கும் நடுவே ஆர்/டி (ரக்கட் டெரெய்ன்) என்று ஒரு வகையும் இப்போது வந்திருக்கிறது. குணத்தில் எல்.டி. ஏ/டி-யின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டியதில்லை.

## எச்/டி: வண்டியோடு வந்த டயர்

இதைக் குறைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிப் பேச மாட்டேன். நீளவாக்கில் ஓடும் அகலமான பள்ளங்கள் மழைநீரை வெளியே தள்ளுகின்றன. தாரோடு ஒட்டும் ரப்பர் பரப்பு நான்கு வகையிலும் இதற்குத்தான் அதிகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐப்பசி மழையில் திடீரென்று பிரேக் மிதிக்க வேண்டி வந்தால், நான் இருக்க விரும்புவது எச்/டி போட்ட வண்டியில்தான்.

இது தோற்பது இரண்டு இடங்களில். ஒன்று, ஈரச் செம்மண் ஏற்றம்: பள்ளங்களுக்குக் குறுக்கே கடிக்க விளிம்பு இல்லாததால் மண் நிரம்பியதும் வழுக்குக் கட்டையாகிவிடும். இரண்டு, கூர்மையான கல்: சைடு மெல்லியது.

வறண்ட மண் சாலை, ஊராட்சிக் கப்பி ரோடு, வயல் வரப்போரம் ஆகியவை மட்டும்தான் உங்கள் பாதை என்றால், நான்கு சக்கர இயக்கமும் கொஞ்சம் நிதானமும் போதும். வண்டியோடு வந்த டயரை முழுதும் தேய்த்துவிட்டு அப்புறம் யோசியுங்கள். சட்டப்படி காரிலும் பிக்கப்பிலும் பட்டன் 1.6 மி.மீ.-க்குக் கீழே போகக் கூடாது. மலையில் ஓட்டுகிறவர் 3 மி.மீ.-இலேயே மாற்றிவிடுவது நல்லது. மழையில் அந்தக் கடைசி மில்லிமீட்டர்களில் பிடிப்பு வேகமாகக் குறைகிறது.

## சாலை வகை ஏ/டி: பெரும்பாலோருக்குப் போதுமானது

பெயர் ஏ/டி. ஆனால் உடல் அமைப்பு கார் டயருடையது. அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ என்ற எழுத்து இருக்காது; 255/60 ஆர் 18 என்று நேராக எண்ணில் தொடங்கும். அப்போலோ ஆப்டெரா ஏ/டி 2, எம்.ஆர்.எஃப். வாண்டரர் வரிசையின் ஏ/டி டயர்கள், யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ/டி ஜி015-இன் பல அளவுகள் இந்த வகையில் வருகின்றன. பட்டன் கட்டங்கட்டமாக வெட்டியிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கத்தியால் கீறியது போல மெல்லிய கோடுகள் இருக்கும். ஈரத்தில் பிடிப்பது அந்தக் கோடுகள்தான். செம்மண்ணில் கடிப்பது கட்டத்தின் விளிம்பு.

என் மைத்துனரிடமும் என்னுடையதைப் போன்ற வண்டியே இருக்கிறது. மதுரையில் வீடு, கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் கரிசல் நிலம், மாதம் இரண்டு முறை போய்வருவார். கரிசலுக்காக எம்/டி போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஈரக் கரிசல் எந்த ஏ/டி-யையும் இரண்டே சுற்றில் மூடிவிடும். பட்டனுக்குள் மண் ஏறி உறைந்து, நான்கு டயரும் மொட்டை டயராகிவிடும். எம்/டி தன்னைத்தானே உதறிக்கொள்ள வேகமாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியில் வண்டி இன்னும் கீழே இறங்கும், நிலத்திலும் வாய்க்கால் போலத் தடம் விழும். கரிசலுக்கு மருந்து ஒரு நாள் வெயில்தான். மழை பெய்த மறுநாள் அவர் வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போகிறார். மாதத்தில் மற்ற 28 நாளும் தார்ச் சாலையில் ஓடுகிறவருக்குச் சாலை வகை ஏ/டி சரியான தேர்வு. மூன்று ஆண்டுகளாக அவருக்கு அதில் குறை இல்லை.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. கருவேல முள்ளுக்கு ஏ/டி தீர்வு என்று பலர் நம்புகிறார்கள். முள் பட்டன் கட்டத்தில் ஏறினால் ரப்பர் கனம் தடுக்கும்தான். ஆனால் கட்டங்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் ஏறினால், அங்கே அடி ரப்பர் எச்/டி-யைவிடப் பெரிதாகக் கனமில்லை. ஏ/டி-யில் பள்ளங்கள் அதிகம் வேறு. பஞ்சர் ஆகும், எண்ணிக்கை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பட்டனில் விழும் முள் பஞ்சரை எந்தக் கடையிலும் அடைத்துக்கொள்ளலாம் என்பதால் அதற்காகக் கனமான டயர் வாங்க வேண்டாம்.

இந்த வகையின் மறைந்த பலவீனம் சைடுதான். தோற்றத்தில் சைடிலும் கட்டம் கட்டமாக முரட்டு வடிவம் வார்த்திருப்பார்கள். கண்ணுக்குக் கனமாகத் தெரியும், ஆனால் பல டயர்களில் அது மேல்பூச்சு ரப்பர் மட்டுமே. உள்ளே துணி அடுக்கு எத்தனை என்பதை அச்சான வரிதான் சொல்லும். என் கிழிந்த டயரும் பார்வைக்கு முரடாகத்தான் இருந்தது.

## எல்.டி. ஏ/டி: கல்லுக்கும் லோடுக்கும்

அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ இருந்தால் அது இலகு சரக்கு வண்டிக்கான கட்டமைப்பு. சுமைக் குறியீடும் உயரும். சாலை வகையில் 112 என்று இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எல்.டி.-யில் 119 என்று பார்த்தால் அது 1,360 கிலோ. சைடில் கூடுதல் அடுக்கு, பட்டன் ரப்பரிலும் வெட்டுக்கும் பிய்ந்துபோவதற்கும் எதிரான கலவை, கல் சிக்கிக்கொண்டு உள்ளே துளைக்காமலிருக்கப் பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள். இந்த வகைக்கு மூதாதை 1976-இல் வந்த பி.எஃப்.குட்ரிச் ரேடியல் ஆல்-டெரெய்ன். அதன் வழிவந்த கே.ஓ.2-வின் பெயர் உலகெங்கும் நிலைத்ததற்கு முக்கியக் காரணம் அதன் சைடுதான்.

சைடு கிழிந்த பிறகு நான் போட்டது இந்த வகை. அதே கல் பாதையில் இரண்டு பறிப்புப் பருவம் ஓடிவிட்டது. சைடில் கீறல்கள் உண்டு, வெட்டு இல்லை. மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வளைவில் வண்டி சாய்வது குறைந்திருக்கிறது. இவையெல்லாம் நிஜமான லாபம்.

அதற்குக் கொடுக்கும் விலையும் நிஜம்தான். கடைக்காரர் சொல்லாத ஒன்று காற்று. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டை, வண்டியோடு வந்த டயருக்கான கணக்கு. அதே சுமையைத் தாங்க எல்.டி. டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். பெரும்பாலும் 4 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை கூட்ட வேண்டியிருக்கும். அட்டையைப் பார்த்து அதே அளவு நிரப்பினால் லோடு நேரத்தில் டயர் உள்ளுக்குள் சூடாகும். சைடு விறைப்பாக இருப்பதால் காற்றுக் குறைவு கண்ணுக்கும் தெரியாது. மாறாக, டயரின் சைடில் அச்சாகியிருக்கும் உச்ச அழுத்தத்தைப் பார்த்துவிட்டு 60, 70 என்று ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது முழுச் சுமைக்கான எண். காலி வண்டியில் அவ்வளவு ஏற்றினால் பட்டனின் நடுப்பகுதி மட்டும்தான் தரையைத் தொடும். மழையில் வழுக்கும், நடுவில் தேயும்.

ஈரத் தாரில் பிரேக் தூரம் கூடுகிறது என்பதை நான் உணர்கிறேன். கொடைக்கானல் சாலையில் மழை நாளில் முன் வண்டிக்கு விடும் இடைவெளியை இப்போது அதிகப்படுத்தியிருக்கிறேன். இந்த மாற்றத்துக்குத் தயாராக இல்லாதவர் இந்த டயரை வாங்கக் கூடாது.

சைடில் மூன்று சிகர மலையும் பனிச்செதிலும் கொண்ட ஒரு முத்திரையைக் காட்டி, இது உயர் ரகம் என்று சிலர் விற்கிறார்கள். அது பனியில் இழுவைச் சோதனையில் தேறியதற்கான அடையாளம். லடாக் போகிறவருக்கு உதவும். தமிழ்நாட்டு ஓட்டத்துக்கு அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

## எம்/டி: வேலைக்கு மட்டும்

பெரிய பெரிய பட்டன், நடுவே வெற்றிடம். ஈர நிலத்தில் தினமும் இறங்கி ஏறும் வேலை, மரம் இழுக்கும் வேலை, போட்டி ஓட்டம் இவற்றுக்கு இது ஈடில்லாதது. மற்றபடி தாரில் நான்கு சக்கரமும் ஓலமிடும், தேயத் தேயச் சத்தம் ஏறும், ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது நெஞ்சு பதறும். தேரி மணலில் எம்/டி கெட்டிக்காரத்தனம் காட்டும் என்று நினைப்பதும் தவறு. மணலில் வேண்டியது மிதப்பது. காற்றை 16 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கிய எச்/டி, 35 பி.எஸ்.ஐ.-இல் நிற்கும் எம்/டி-யைவிட நன்றாகப் போகும். எம்/டி-யின் பட்டன் மண்வெட்டி போல மணலைத் தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கிவிடும். அழகுக்காக இதை வாங்கியவர்களில் பலர் ஓராண்டுக்குள் விற்பதைப் பார்த்திருக்கிறேன்.

## விலைச்சீட்டில் வராத செலவு

ஐந்தாவது டயரில் தொடங்குகிறேன். நான்கு டயர் மாற்றிவிட்டு ஸ்டெப்னியை அப்படியே விட்டுவிடுவது நம் வழக்கம். சில மாடல்களில் ஸ்டெப்னி அளவே வேறாக வருகிறது. அன்று மலையில் நான் மாட்டியது பழைய ஸ்டெப்னி. மற்ற மூன்றைவிட விட்டம் குறைவு. வத்தலக்குண்டு வரை நான்கு சக்கர இயக்கத்தைத் தொடாமல் இறங்கினேன், நல்லவேளை பாதை இறக்கமாக இருந்தது. நம் பிக்கப்களில் இருப்பது பகுதிநேர நான்கு சக்கர இயக்கம். அதைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. விட்டம் மாறினால் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் சுற்றத் துடிக்கும். அந்த முறுக்கம் கியர்ப் பெட்டியில் ஏறும்.

புது டயர் 11 மி.மீ., பழையது 6 மி.மீ. என்றால் விட்டத்தில் 10 மி.மீ. வேறுபாடு. 760 மி.மீ. சக்கரத்தில் அது 1.3 சதவீதம். பாதி ஓடிய செட்டில் ஒரு டயர் கிழிந்தால், ஒன்றை மட்டும் வாங்காமல் இரண்டாக வாங்கி ஒரே அச்சில் மாட்டுவது, நான்கு சக்கர இயக்கத்தை இளகிய மண்ணில் மட்டும் பயன்படுத்துவது என்று போக வேண்டியிருக்கும். ஐந்தும் ஒன்றாக வாங்கி, 8,000 கி.மீ.-க்கு ஒருமுறை ஐந்தையும் சுழற்றி மாட்டினால் ஸ்டெப்னியும் சேர்ந்தே தேயும். கிழிந்த அன்றே அதே உயரத்தில் ஒரு டயர் கையில் இருக்கும். அதனால்தான் விலை கேட்கும்போது ஐந்துக்குக் கேளுங்கள் என்கிறேன்.

அடுத்தது டீசல். எல்.டி. டயர் ஒவ்வொன்றும் எச்/டி-யைவிடச் சில கிலோ கூடுதல். சுழலும் எடை என்பதால் ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் அதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். லிட்டருக்கு 12 கி.மீ. ஓடிய வண்டி 11-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டினால் கூடுதலாக 114 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஆண்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். 50,000 கி.மீ. ஓடி முடிக்கும்போது சுமார் 35,000 ரூபாய். இரண்டு வகைகளின் விலையை ஒப்பிடும்போது இந்தத் தொகையையும் கனமான டயரின் பக்கத்தில் எழுதுங்கள்.

கல்லிலும் மணலிலும் போகிறவருக்குக் காற்றிறக்கவும் ஏற்றவும் 12 வோல்ட் பம்ப்பும் அழுத்தமானியும் வேண்டும். இதைச் செலவு என்று சொல்லக்கூட மனம் வரவில்லை. கல் பாதையில் 35-லிருந்து 24-க்கு இறக்கினால் எச்/டி கூட ஆளே மாறிவிடும். ஏ/டி வாங்கக் காசு சேரும் வரை இந்தப் பம்ப்பை முதலில் வாங்குங்கள். தார் ஏறியதும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. புது வண்டியில் வந்த டயரைக் கடையில் கொடுத்துக் கழித்துக்கொள்ளவும் முடியும். ஓடாத டயருக்குத்தான் விலை, 5,000 கி.மீ. ஓடிய பிறகு மதிப்பு சரிந்துவிடும். மாற்றுவது உறுதி என்றால் முதல் மாதத்திலேயே மாற்றுங்கள்.

## அளவைக் கூட்டலாமா

255/60 ஆர் 18-இன் விட்டம் 763 மி.மீ. 265/60 போட்டால் 775, அதாவது ஒன்றரை சதவீதம் கூடுதல். இதுவரை பெரும்பாலும் எங்கும் உரசாது. 255/65 போட்டால் 789, மூன்றே கால் சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். இவ்வளவுக்கும் தரையிலிருந்து உயர்வது விட்டத்தில் பாதி, 13 மி.மீ. மட்டும். ஒரு விரல் கனம்! அதற்காகப் பிரேக்குக்கும் கியருக்கும் கூடுதல் வேலை கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சட்டமும் இருக்கிறது. பதிவில் உள்ள தயாரிப்பாளர் விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்துக் காப்பீட்டில் இதைக் காரணம் காட்ட யாருக்கும் இடம் தராதீர்கள். உங்கள் மாடலின் வேறு வேரியண்ட்டில் கம்பெனியே கொடுக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுமைக் குறியீடு மட்டும் வண்டியோடு வந்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது.

## யாருக்கு எது

ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டம், மண் என்பது குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது மட்டும் என்றால் எச்/டி-யோடு இருங்கள். மிச்சமாகும் பணத்தில் பம்ப் வாங்குங்கள்.

வாரம் ஒருமுறையாவது மண்ணில் இறங்குகிறீர்கள், லோடு எப்போதாவது, குடும்பம் அதே வண்டியில் மழையில் பயணம் செய்கிறது என்றால் சாலை வகை ஏ/டி. நம் மாநிலத்தில் பிக்கப் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் வருகிறார்கள் என்பது என் கணிப்பு. இந்த வகைக்குள் தேர்ந்தெடுக்கும்போது சைடில் இரண்டு அடுக்கு இருப்பதை விடாதீர்கள், உங்கள் ஊரில் ஒரு வாரத்தில் கிடைக்கும் கம்பெனியாக இருக்கட்டும். திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் டயர் தொழிற்சாலை இருக்கும் மாநிலம் இது. உள்நாட்டு டயர் கிடைப்பது எளிது. அந்த வசதியை வெளிநாட்டுப் பெயருக்காக விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

உடைத்த கல், குவாரி, எஸ்டேட் பாதை, வாரத்தில் பாதி நாள் அரை டன்னுக்கு மேல் லோடு என்றால் எல்.டி. ஏ/டி, ஐந்தாக. சத்தத்தையும் டீசலையும் ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். கல் பாதை ஆண்டுக்கு நான்கு முறைதான் என்றால் இந்த எடை வேண்டாம். அந்த நான்கு நாளும் காற்றை இறக்கி, நடை வேகத்தில், கல்லைச் சைடில் உரசவிடாமல் பட்டன் மீது ஏற்றி ஓட்டுங்கள். வழியில் இறங்கிப் பார்க்க ஓர் ஆளும் இருந்தால் சாலை வகையே தாங்கும்.

எம்/டி-க்கு யார் தகுதி என்று கேட்பவருக்கு அது வேண்டியிருக்காது. வேண்டியவருக்கு அவருடைய வேலையே சொல்லிவிடும்.

## கடையில் நிற்கும்போது

சைடில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஐந்து டயரிலும் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் பழையதை, விலை குறைத்தாலொழிய ஏற்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பழைய வால்வை மாற்றச் சொல்லுங்கள். பேலன்ஸிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றே முடியட்டும். ஏ/டி-யில் அலைன்மென்ட் தவறினால் கட்டங்கள் ரம்பப் பல் போலத் தேய்ந்து, சரி செய்ய முடியாத சத்தம் வந்துவிடும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

காற்று சரியா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். பட்டனின் குறுக்கே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடித்த கோடு இழுங்கள். சமமான தாரில் நூறு அடி நேராக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. காலி வண்டியில் ஒருமுறை, வழக்கமான லோடு ஏற்றி ஒருமுறை பார்த்து, இரண்டு எண்ணையும் கதவுத் தூணில் பழைய அட்டைக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். காலி வண்டிக்கான எண்ணைக் கோடு சொல்லும். லோடுக்கான எண், டயர் கம்பெனியின் சுமை அட்டவணை சொல்வதற்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். என் வண்டியில் இப்போது அப்படி இரண்டு எண்கள் இருக்கின்றன: பின் டயருக்குக் காலியில் 36, மூட்டை ஏற்றினால் 44.